விலகிக்கொள்ளலாம் என்றொரு வரி

கல்லூரி வாசலில் ஒருத்தி வந்து நின்று, "என் ரத்தம் உங்க ஃபிரிட்ஜுல கீதாமே, அதை வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்" என்று சொன்னால் காவலாளி என்ன செய்வார்? எங்கள் காவலாளி அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஆய்வகத்துக்கு போன் போட்டு என்னிடம் கிசுகிசுத்தார். "மேடம், ஒரு பொண்ணு வந்துகீது. கொஞ்சம் ஒரு மாதிரி கீது போல. சீக்கிரம் வாங்க."

நான் போய்ப் பார்த்தேன். ஒரு மாதிரியும் இல்லை. இருபத்திரண்டு வயதிருக்கும். கடப்பாக்கத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து மாமல்லபுரம் வந்து, அங்கே பஸ் மாறி, செங்கல்பட்டு ரோட்டில் எங்கள் கல்லூரி வாசலில் இறங்கியிருந்தாள். கையில் ரேஷன் கார்டு போடும் பிளாஸ்டிக் உறை. அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதை எழுதியவள் நான்தான்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. பயோடெக்னாலஜி என்ற வார்த்தைக்குத் திடீரென்று மவுசு வந்திருந்தது. எஞ்சினியரிங் கிடைக்காதவர்கள், மெடிக்கல் கைநழுவியவர்கள் எல்லோரும் எங்கள் துறைக்குத்தான் வந்தார்கள். நான் அங்கே விரிவுரையாளர். கூடவே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு. ரத்தத்தில் பரம்பரையாக வரும் ஒரு குறையைப் பற்றியது. அந்தக் குறையைச் சுமப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. சுமக்கும் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால்தான் ஆபத்து, பிறக்கும் குழந்தையைப் பாதிக்கலாம். சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கும் ஊர்களில் அது எவ்வளவு பேரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் குப்பத்துக்குப் போனோம்.

ரத்தம் எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதான்மா அவங்க பாஷை பேசுவ" என்றார் என் வழிகாட்டி. அவர்தான் எங்கள் துறைத் தலைவரும். மதுராந்தகம் பக்கத்துக் காலனியில் பிறந்தவளுக்கும் கடலோரக் குப்பத்துக்கும் ஒரே பாஷை என்று அவருக்கு யார் சொன்னார்களோ. நான் கேட்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன். அதன் ஏழாவது வரி இது: 'இந்த ஆய்விலிருந்து நீங்கள் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, விலகிக்கொள்ளலாம்.' எழுதும்போது நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்தும் பார்த்துக்கொண்டேன். யாராவது அப்படி வந்து விலகுவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

மற்ற ஊர்களில் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் ரத்தம் எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். இந்தக் குப்பத்தில் ஒரே காலையில் முடிந்தது. காரணம் ஊர்ப் பஞ்சாயத்து. அங்கே பஞ்சாயத்தார் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்துவிட்டால் அது எல்லோருக்கும் சேர்த்துத்தான். கடலுக்குப் போகக் கூடாது என்றால் ஒரு கட்டுமரம் இறங்காது, மீறினால் அபராதம். ஊர்த் தலைவர் எங்கள் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "நல்ல காரியம்தானே? ஊர் குடுக்கும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் கோயில் பக்கத்து மீன் ஏலக்கூடத்தில் ஊரே வரிசையில் நின்றது. நான் படிவத்தை மைக்கில் ஒரே ஒரு தடவை படித்தேன். பிறகு கையெழுத்து, கைநாட்டு, ஊசி, பஞ்சு, அடுத்த ஆள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வரிசையில் ஒரே ஒருத்திதான் மேஜைக்கு முன்னால் வந்து தயங்கினாள். "இது கட்டாயமா குடுக்கணுமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் நீண்ட வரிசை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. நான் சொன்னது எனக்கு இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "ஊரே குடுக்குது, உனக்கு மட்டும் இன்னாம்மா பயம்?"

அவள் கையை நீட்டினாள். படிவத்தின் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது ஆய்வகத்தில் என் முன்னால் அந்த நகலை மேஜைமேல் விரித்து, ஏழாவது வரிமேல் விரலை வைத்தாள்.

"டீச்சர், நான் எட்டாவது வரைக்கும் படிச்சுகீறேன். இதுல எப்ப வேணா வெலகிக்கலாம்னு போட்டுகீதே, அது நெசமா, சும்மாவா?"

அத்தனை பேர் கையெழுத்துப் போட்டதில் அந்தப் படிவத்தை முழுசாகப் படித்தவள் அவள் ஒருத்தி. எழுதிய எனக்கே அந்த வரி உயிரோடு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"நெசம்தான்" என்றேன். "ஆனா ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். காரணம் சொல்லாமலே என்று எழுதியவள் காரணம் கேட்கிறேன்.

அவள் சொன்னாள். அவளுடைய அக்காவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. அந்த வீட்டு ரத்தமே சரியில்லை என்று ஊரில் ஏற்கெனவே பேச்சு. வருகிற தை மாதம் இவளுக்கும் மாமன் மகனுக்கும் கல்யாணம். இந்த நேரத்தில் பரிசோதனை முடிவுகளின் பட்டியல் பஞ்சாயத்துக்கு வரப்போகிறது என்று தலைவர் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். "கோயிலாண்ட எல்லாரையும் வெச்சுக்கினு படிப்பாங்களாம் டீச்சர். அதுல என் பேரு வந்துச்சுன்னா, கல்யாணம் மட்டுமில்ல, அந்த ஊர்லயே நான் தலைநிமிர முடியாது. நான் இல்லாம பண்ணிடுங்க."

இங்கே நான் ஒரு காரியம் செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். அவளுக்கு என் கதையைச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பட்டப்படிப்புப் படித்தபோது அரசு விடுதியில் தங்கியிருந்தேன். வகுப்பில் ரத்தத்தைப் பற்றிய எந்தச் செய்முறைக்கும் விரல் நீட்டுவது விடுதிப் பெண்கள்தான். வீட்டிலிருந்து வருகிற பெண்களுக்கு "அம்மா திட்டுவாங்க மேடம்" என்று சொல்ல ஒரு அம்மா பக்கத்திலேயே இருந்தார். எங்கள் அம்மாக்கள் வயலில் இருந்தார்கள். ஒரு நாள் யாரோ விடுதிக்கே வந்து எல்லோருக்கும் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். அந்த வருஷம் செய்முறைத் தேர்வில் நான் மயங்கி விழுந்தேன். ராத்திரி முழுக்கக் கதை பேசியிருப்பாய் என்று திட்டு விழுந்தது. முதுகலை படிக்கும்போது நூலகத்தில் ஏதோ தேடப்போய் ஒரு ஆய்வேட்டைப் பிரித்தேன். அதில் ஒரு அட்டவணை. வயது, ஊர், தகப்பன் தொழில், ஹீமோகுளோபின் என்று கட்டம் கட்டமாக. எங்கள் ஊரிலிருந்து அந்த விடுதியில் இருந்தவள் நான் ஒருத்தி மட்டும்தான். என் ஊர், என் வயது, 'விவசாயக் கூலி' என்று என் அப்பா. கடைசிக் கட்டத்தில் ஏழு.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. புத்தகத்தில் நான் இருக்கிறேனே என்று. பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டக்கூடப் போனேன். பாதி எழுந்தபோதுதான் உறைத்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. இரும்புச்சத்து மாத்திரை நாலு மாதம் போட்டிருந்தால் சரியாகியிருக்கும். அதை எழுதி வைத்தவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை. என் கையில் ஒரு ஆய்வு வந்தால் யாருடைய முடிவையும் அவரிடம் சொல்லாமல் விடமாட்டேன் என்று அந்த நூலகத்திலேயே முடிவு செய்தேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அதனாலதான் சொல்றேன். வெலகிடாத. இன்னா இருக்குன்னு தெரிஞ்சுக்கறது உனக்குத்தான் நல்லது" என்று முடித்தேன். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள். "உனக்குச் சொல்லாம வுட்டாங்க, அது தப்புதான். எனக்கு வேணாம்னு சொல்ல வுடாம எடுத்தியே, அது இன்னா?"

'நீங்கள்' போய் 'நீ' ஆகியிருந்ததை அப்போது நான் கவனிக்கவே இல்லை. அவளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு வழிகாட்டியின் அறைக்குப் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை. மாணவர்களுக்குக் கட்டணம் கட்ட முடியாதபோது சொந்தப் பையிலிருந்து கொடுத்தவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"இதுக்கு ஏம்மா இவ்வளவு பதட்டம்? ஃபிரிட்ஜ்ல காலாவதியான ரத்தம் எவ்வளவோ கிடக்கு. ஏதோ ஒரு டியூபை எடுத்து அந்தப் பொண்ணு கண்ணு முன்னாடி ஊத்திடு. எது அவளோடதுன்னு அவளுக்குத் தெரியவா போகுது? அவளும் நிம்மதியா போவா, நம்ம கணக்கும் குறையாது."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கும் அது சரி என்றே பட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. அவள் சிரித்துக்கொண்டு பஸ் ஏறுவாள். கண்ணில் மண்ணைத் தூவுவது இவ்வளவு சுலபமாக, இவ்வளவு அன்பான குரலில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக என்மேல் எனக்கு வந்த கோபத்தில்தான் மீதியெல்லாம் பேசினேன்.

"அவளோட டியூபைத்தான் சார் ஊத்தப் போறேன். அப்புறம் பஞ்சாயத்துக்கு லிஸ்ட் போகுதுன்னு சொல்றாளே, உண்மையா?"

"அனுமதி குடுத்தது அவங்க. கேட்டா குடுக்கறதுதானே முறை?"

"கையெழுத்துப் போட்டது தனித்தனி ஆளு சார். உங்க விவரத்தை வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு நான்தான் எழுதினேன்."

"அது எல்லா படிவத்துலயும் இருக்கற வரிம்மா."

"எல்லாத்துலயும் இருக்கறதாலதான் யாரும் படிக்கறதில்ல. களப்பணிப் பொறுப்பு என்னுது சார், நான் கையெழுத்துப் போட்டாத்தான் அந்த லிஸ்ட் செல்லும். நான் போட மாட்டேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் என்னைக் கேட்காதே என்றார். தள்ளிப்போகட்டும் என்றேன். வெளியே வந்த பிறகுதான் அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். வீட்டில் ஏற்கெனவே என்னை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ஆய்வகத்துக்குத் திரும்பி, அவளையும் கூட அழைத்துப்போய் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். அவள் தாளில் இருந்த எண்ணையும் டியூபில் இருந்த எண்ணையும் அவளையே பார்க்கச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊற்றினேன். சிவப்பு மங்கிப் பழுப்பாகி நுரைத்தது. அவள் பெருமூச்சு விட்டு முந்தானையை உதறிக் கிளம்பத் தயாரானாள்.

"இரு, இன்னொண்ணும் கீது" என்றேன். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ. ஒரு சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பியில் தனியாக இருந்தது. அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. நான் சொல்லாவிட்டால் எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. அதையும் அவள் கையிலேயே கொடுத்து ஊற்றச் சொன்னேன். நோட்டில் அவள் எண் இருந்த வரியைப் படிக்க முடியாமல் அடித்தேன். கணினியிலும் அழித்துக் காட்டினேன்.

"அப்ப மத்தவங்களுது?" என்று கேட்டாள்.

"அதுக்கு நான் உங்க ஊருக்கு வரேன்."

போனேன். ஊர்த் தலைவர் ஏலக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டியல் வராது, அவரவர் முடிவு அவரவர் கையில், அதுவும் கேட்டால்தான் என்று சொன்னேன். அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னாம்மா பேஜாரு பண்ற? ஊரு சொல்லித்தானே ரத்தம் வந்துச்சு?"

"ஆமாங்க ஐயா. அதான் தப்பாப் போச்சு. தப்பு உங்களுது இல்ல, என்னுது. ஒவ்வொருத்தரா கேட்டிருக்கணும். சோம்பேறித்தனத்துல ஊரைக் கேட்டேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வேறு எங்கே போவது? ஒரு வழியாகத் தலைவர் கையமர்த்திவிட்டுக் கேட்டார். "என்னுதையாவது எனக்குத் தருவியா, அதுக்கும் எதுனா ரூல்சு கீதா?"

"நீங்க கேட்டுட்டீங்களே, தந்துடலாம்" என்றேன். யாரோ சிரித்தார்கள். அவரும் சிரிக்காமல் சிரித்தார்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டேன். ஒட்டிய உறை. வேண்டும் என்றால் பிரித்து விளக்குவேன், வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே கிழித்துப்போடுவேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஆய்வில் தொடர்ந்து இருக்கச் சம்மதமா என்றும் திரும்பக் கேட்டேன். சிலர் விலகினார்கள். என் அட்டவணை மெலிந்துகொண்டே போனது. மெலியட்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

கல்லூரியிலும் ஒரு மாற்றம் செய்தேன். ரத்த வகை பார்க்கும் செய்முறை வகுப்பில் முதல் பத்து நிமிஷம் யாரும் ஊசியைத் தொடக் கூடாது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, விரல் கொடுக்கிறாயா என்று கேட்பேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்க மாட்டேன், மதிப்பெண்ணும் குறையாது. முதல் வகுப்பில் ஏறக்குறைய அத்தனை பேரும் சரி மேடம், சரி மேடம் என்று தலையாட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல நம் பிள்ளைகளுக்கு வாயே வராது. கடைசி வரிசையில் விடுதியிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும், "வேணாம் மேடம்" என்று சொல்லிவிட்டுப் பயந்து என்னைப் பார்த்தாள். நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அதற்கடுத்த வாரம் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். நான் பாட்டுக்கு என் விரலில் குத்திச் செய்துகாட்டினேன்.

குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லா உறைகளும் முடிந்து நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தன் ரத்தத்தை ஊற்றவைத்துவிட்டுப் போனவள் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"எனக்குக் கவரு இல்லியா டீச்சர்?"

"உன்னுதைத்தான் ஊத்திட்டோமே. நோட்டுலயும் அடிச்சாச்சு."

"ஊத்துனது ரத்தம். அடிச்சது காயிதம். உன் தலையில கீதில்ல? நீ பார்த்துகீறதானே?"

இருந்தது. அவள் எண்ணுக்கு நேரே இருந்த முடிவை நான் மறக்கவில்லை. மண்டைக்குள் இருப்பதை எந்தக் கரைசலில் ஊற்றுவது? ஆமாம் என்றேன்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குட்டிப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "அன்னிக்கு ஊரு குடுத்துச்சு. இன்னிக்கு நான் கேக்கறேன். சொல்லு."

சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம், கல்யாணத்துக்கு முன் மாமன் மகனிடம் பேசுவதானால் என்ன பேச வேண்டும், பேச வேண்டாம் என்றால் அதுவும் அவள் இஷ்டம் என்பதையும் சொன்னேன். நிறையக் கேள்விகள் கேட்டாள். நான் பாடம் நடத்திய எந்த வகுப்பிலும் யாரும் அவ்வளவு கேட்டதில்லை. இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று எழுந்தாள்.

பட்டம் இரண்டு வருஷம் தாமதமாகத்தான் வந்தது. வழிகாட்டி கடைசியில் கையெழுத்துப் போட்டார். அட்டவணை சின்னது என்று குறையும் சொன்னார்.

இதை எழுதலாமா என்று கேட்க, எழுதத் தொடங்கும் முன் அந்தக் குப்பத்துக்கு மறுபடி போனேன். அவள் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, என்னவெல்லாம் எழுதப்போகிறேன் என்று ஒன்று விடாமல் சொல்லச் சொன்னாள். முழுவதையும் கேட்டாள்.

"எழுதிக்கோ டீச்சர். என் பேரு வேணாம். அன்னிக்கு நீ என்கிட்ட இன்னா சொன்னேன்னும் வேணாம்."

அதனால் அவள் ரத்தத்தில் என்ன இருந்தது என்பதை நான் இங்கே எழுதவில்லை.